கல்லுக்கு ஒரு சங்கம்

ரூபே, வட பிரான்ஸ்
14 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

புத்தாண்டு வணக்கம். இன்று சித்திரை ஒன்று என்பது இந்த ஊரில் எனக்கும் என் செல்போனுக்கும் மட்டும்தான் தெரியும். பச்சடிக்கு என்று ஒரே ஒரு மாங்காய் வாங்கினேன். விலையை எழுதினால் அத்தை அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்வார்கள், அதனால் எழுதவில்லை.

போன வாரம் போனில் கேட்டீர்களே, "அங்கெல்லாம் ரோடு எப்படி கண்ணு?" என்று. ரோடு பிரமாதம் மாமா. இவர்களுக்குப் பெரிய கவலையே அதுதான்.

நம் வீதிக்குத் தார் போடச் சொல்லி எத்தனை திங்கட்கிழமை மனுவும் கையுமாகக் கலெக்டர் ஆபீசில் நின்றிருப்பீர்கள்! இங்கே தார் போட்டுவிடக் கூடாது என்பதற்கு ஒரு சங்கமே இருக்கிறது. பேர் 'பாரிஸ்–ரூபே நண்பர்கள்'. வயல்காட்டுக்குள் இருக்கிற பழைய கல் ரோடுகளைத் தேடிப் போய், பெயர்ந்த கல்லைப் பொறுக்கி எடுத்து, பழையபடி மேடும் பள்ளமுமாகவே பதித்துவிட்டு வருகிறார்கள். தோட்டக்கலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் இந்த வேலைக்குக் கூட்டிப் போகிறார்கள். குண்டும் குழியும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர வேண்டுமாம்.

எல்லாம் ஒரு சைக்கிள் ரேசுக்காக. வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நேற்றுதான் நடந்தது. பேரில்தான் பாரிஸ் இருக்கிறது. கிளம்புவது பாரிசுக்கு வடக்கே வெகு தூரம் தள்ளி, கொம்பியேன் என்ற ஊரில், 1977-இலிருந்து அப்படித்தான். அங்கிருந்து எங்கள் ரூபேக்கு 259 கிலோமீட்டர். அதில் 55 கிலோமீட்டர் மட்டும் கல் ரோடு, 30 துண்டாக வரும். மீதி 204 கிலோமீட்டர் நல்ல ரோடு. அதைப் பற்றி இந்த ஊரில் யாரும் பேசுவதே இல்லை.

கல் என்றால் பஞ்சாயத்தில் போடுகிற பேவர் பிளாக் என்று நினைத்துவிடாதீர்கள். முரட்டுக் கல். மேல் பக்கம் தேய்ந்து உருண்டிருக்கும். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் டயர் மாட்டிக்கொள்கிற அளவு சந்து. ரோட்டின் நடு முதுகு மேடு, இரண்டு ஓரமும் டிராக்டர் போட்ட பள்ளம். பீட்ரூட் ஏற்றிப் போகிற பாதைகள் இவை. ஒவ்வொரு துண்டுக்கும் ஹோட்டலுக்குக் கொடுப்பது போல நட்சத்திரம் உண்டு. ஐந்து நட்சத்திரம் என்றால் இருப்பதிலேயே மட்டமான ரோடு. அப்படி மூன்று இருக்கின்றன, மூன்றின் பேரையும் இங்கே குழந்தைகள்கூட ஒப்பிக்கின்றன.

ஆரம்பித்தது எப்படி என்று கேட்டால் சிரிப்பீர்கள். ரூபே பழைய கம்பளி மில் ஊர். தியோடோர் வியென், மோரிஸ் பெரேஸ் என்று இரண்டு மில் முதலாளிகள் 1895-இல் ஒரு சைக்கிள் பந்தய மைதானம் கட்டினார்கள். கட்டியாகிவிட்டது, கூட்டம் வர வேண்டுமே? பாரிசிலிருந்து ரேஸ் விட்டு நம் மைதானத்தில் முடிப்போம் என்று ஒரு விளையாட்டுப் பத்திரிகைக்கு எழுதிக் கேட்டார்கள். வழியைப் பார்த்து வரப் பத்திரிகை விக்தோர் பிரேயெர் என்ற தன் ஆளை அனுப்பியது. பாதி தூரம் காரில் வந்தவர் மறுநாள் மீதியைச் சைக்கிளில் மிதித்தார். மழை, குளிர், கல். சேறு பூசிக்கொண்டு வந்து இறங்கியவர், இந்த வேலையே வேண்டாம் என்று தந்தி கொடுக்க இருந்தாராம். மில்காரர்கள் அவருக்கு ராத்திரி நல்ல சாப்பாடும் ஒயினும் போட்டார்கள். தந்தி போகவில்லை. 1896-இல் ரேஸ் நடந்தது, யோசெஃப் ஃபிஷர் என்ற ஜெர்மன்காரர் ஜெயித்தார்.

அடுத்த இரண்டு வருஷமும் ஜெயித்தவர் மோரிஸ் காரென். சின்ன வயதில் புகைபோக்கி துடைத்தவர். அப்புறம் இதே ரூபேயில் சைக்கிள் கடை வைத்தார். 1903-இல் முதல் டூர் த பிரான்ஸ் நடந்தபோது அதையும் அவரே தட்டிக்கொண்டு போனார். இந்தப் பத்தியை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். "சைக்கிள் கடையை வைத்துக்கொண்டு என்னத்தைச் சாதித்தான் என் தம்பி" என்கிற பேச்சு இனி நம் வீட்டில் கூடாது.

இந்த ரேசுக்கு 'வடக்கின் நரகம்' என்று ஒரு பட்டம். கல்லால் வந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முதல் உலகப் போர் முடிந்து 1919-இல் மறுபடி ரேஸ் நடத்த வழி பார்க்க வந்தவர்கள், ஊர் இருந்த இடத்தில் ஊர் இல்லாமல், மரம் இருந்த இடத்தில் கரிக்கட்டை நிற்பதைப் பார்த்துவிட்டு எழுதிய பேர் அது. 1909 முதல் 1911 வரை தொடர்ந்து மூன்று தடவை ஜெயித்த ஒக்தாவ் லாபீஸ் 1917-இல் போரில் செத்துப்போனார். 1913-இல் ஜெயித்த ஃபிரான்சுவா ஃபாபெர் அதற்கு முன்பே, 1915-இல். இந்த வயல்களைத் தாண்டும்போதெல்லாம் போர் வீரர்களின் கல்லறை வரிசைகள் கண்ணில் படும்.

ரேஸ் தொடங்கிய காலத்தில் வடக்கே எல்லா ரோடும் கல் ரோடுதான், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் போருக்குப் பிறகுதான் வினை வந்தது. அரசாங்கம் ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது! ஒவ்வொரு ரோடாகத் தார் விழுந்தது. டி.வி.யில் தங்கள் ஊரின் ஓட்டை ரோட்டை நாடே பார்க்கிறதே என்று மேயர்களுக்கு வெட்கம், அவசர அவசரமாக மூடினார்கள். 1960-களில் நல்ல மோசமான ரோடு கிடைக்காமல் ரேஸ்காரர்கள் திண்டாடிப் போனார்கள். அப்போது வழி காட்டியவர் ழான் ஸ்தாப்லின்ஸ்கி, உலக சாம்பியனாக இருந்தவர். வாலிபத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஆரன்பெர்க் காட்டுக்குள் சுரங்கத்துக்கு மேலேயே ஒரு கல் பாதை உண்டு என்று சொன்னார். இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல், நேர் கோடு, இரண்டு பக்கமும் மரம், வெயில் படாத பாசி. 1968-இல் சேர்த்தார்கள். இன்றைக்கு அந்த ரேசின் முகமே அதுதான். போன வருஷம் கல்லிடுக்குப் புல்லை மேய்வதற்கு ஆட்டு மந்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். ஞாபகார்த்தம் என்று கல்லைப் பெயர்த்துக்கொண்டு போகிற ரசிகர்களும் உண்டு. மேயர்களும் மாறிவிட்டார்கள், எங்கள் ஊர்க் கல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இப்போது அவர்களே கேட்கிறார்கள்.

சரி, நீங்கள் இவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டிருக்கிற கேள்விக்கு வருகிறேன்: வீல் தாங்குமா? தாங்குகிறது. டயர் முன்பெல்லாம் ஒல்லியாக இருக்கும், இப்போது 32 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் வந்துவிட்டது. ட்யூப் கிடையாது. டயருக்குள்ளேயே ஒரு வெள்ளைத் திரவம் ஊற்றிவிடுகிறார்கள். சின்ன ஓட்டை என்றால் அதுவே அடைத்துக்கொள்ளும். ஆனால் காற்று விஷயத்தில்தான் உங்களுக்கு நெஞ்சு வலிக்கும். "கல்லாட்டம் அடிச்சு வுடுங்க" என்பார்களே உங்கள் வாடிக்கைக்காரர்கள், இங்கே நேர் எதிர். எவ்வளவு குறைக்கலாம் என்று தலையை உடைத்துக்கொள்ளவே டீமுக்கு டீம் ஆள் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹேண்டில்பாரில் ஒரு பொத்தானை அழுத்திக் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஆகிற ஹப்பைச் சில டீம்கள் மாட்டிப் பார்த்திருக்கின்றன. பஞ்சர் ஒட்டுகிற பேச்சே இல்லை. கல் ரோடு முடிகிற இடத்தில் கைக்கு ஒரு வீலைத் தூக்கிப் பிடித்தபடி டீம் ஆட்கள் நிற்கிறார்கள். சில நேரம் சைக்கிளையே மாற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். இதையெல்லாம் பார்த்தால் உங்களுக்குக் கை அரிக்கும்.

ஆள் தாங்குவாரா என்பது வேறு கேள்வி. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, வேகத்தைக் குறைக்கக் கூடாது. மெதுவாகப் போனால்தான் அதிகம் குலுக்குமாம். ரேசுக்கு முந்தின நாள் பொதுமக்களுக்கும் இதே கல்லில் ஓட்ட அனுமதி உண்டு, காசு கட்டிவிட்டு. என் பக்கத்து மேசைக்காரர் கட்டினார். இன்று காலை காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தார். அவருடைய மெயிலுக்கெல்லாம் நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன். அடுத்த வருஷத்துக்கும் பேர் கொடுத்துவிட்டாராம்.

பெர்னார் இனோ என்று ஒரு ஜாம்பவான், டூர் த பிரான்ஸை ஐந்து தடவை ஜெயித்தவர். அவருக்கு இந்த ரேசைக் கண்டாலே ஆகாது, அதை மறைக்கவும் மாட்டார். 1981-இல் உலக சாம்பியன் சட்டையோடு வந்தார். பல தடவை விழுந்தார். ஒரு தடவை ஒரு நாய்க்குட்டி குறுக்கே ஓடி விழுத்தியது. எழுந்து மிதித்து ஜெயித்தும் விட்டார். அடுத்த வருஷம் ஒப்புக்கு வந்து போனதோடு சரி, பிறகு இந்தப் பக்கமே தலை வைக்கவில்லை.

2006-இல் நடந்தது உங்களுக்காகவே நடந்தது போல இருக்கும். ரயில்வே கேட் மூடிவிட்டது. முதல் ஆளைத் துரத்தி வந்த மூன்று பேர் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்; இரண்டாவது, மூன்றாவது, நான்காவது இடத்தில் வந்தும் சேர்ந்தார்கள். மூன்று பேரையும் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கேட்டுக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து நுழைகிற பழக்கத்தை நீங்களும் இந்த வயதில் விட்டுவிடுவது நல்லது.

எனக்குப் பிடித்தவர் ஆஸ்திரேலியாக்காரர் மாத்யூ ஹேமன். அடுத்தவர்களுக்காகக் காற்றை முறித்துக்கொண்டு முன்னால் மிதிப்பதிலேயே காலம் கழித்தவர். 2016-இல் வயது 37. ரேசுக்குச் சில வாரம் முன்னால் கை எலும்பு முறிந்தது. வீட்டுக்குள் நிறுத்தி வைத்த சைக்கிளில் மிதித்துப் பயிற்சி எடுத்தார். கடைசியில் ரூபே மைதானத்துக்குள் ஐந்து பேராக நுழைந்தார்கள். அதில் ஒருவர் பெல்ஜியத்தின் டாம் போனன், நான்கு தடவை ஜெயித்துவிட்டு ஐந்தாவதுக்குக் காத்திருந்தவர். ஹேமன் ஜெயித்தார். ஜெயித்த பிறகும் நம்ப முடியாமல் முழித்துக்கொண்டு நின்றார். பரிசு ஒரு கல், ஆமாம், அதே கல்தான், பீடத்தில் வைத்துத் தருகிறார்கள். இன்னொரு மரியாதையும் உண்டு: மைதானத்துக் குளியலறையில் இடுப்பளவு சிமெண்ட் தடுப்புகள், அவற்றில் ஜெயித்தவர்களின் பேரைப் பித்தளைத் தகட்டில் அடித்து வைத்திருக்கிறார்கள். இப்போது முக்கால்வாசிப் பேர் டீம் பஸ்ஸிலேயே வெந்நீரில் குளித்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

பெண்களுக்கு இந்தக் கல்லை மிதிக்க 125 வருஷம் ஆனது. 2021 அக்டோபரில், சேற்றில், முதல் ரேஸ். இங்கிலாந்தின் லிஸி டேக்னன் 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாகவே மிதித்து வந்தார். கையுறை போடவில்லை, ஹேண்டில்பார் டேப்பில் ரத்தம். அவருக்குக் கொடுத்த பரிசுப் பணம் 1,535 யூரோ. மறுநாள் ஆண்களில் ஜெயித்தவருக்கு 30,000. கல் என்னவோ இரண்டு பேருக்கும் ஒரே அளவுக்குத்தான் குலுக்கியிருக்கும். நாட்டில் அதற்குப் பெரிய கூச்சல் எழுந்தது, எழ வேண்டியதுதான்.

இந்தச் சனிக்கிழமை நடந்த பெண்கள் ரேசில் பிரெஞ்சுக்காரி போலின் ஃபெரான் பிரெவோ ஜெயித்தார், முதல் முயற்சியிலேயே. பிரெஞ்சு ஆண்களில் கடைசியாக ஜெயித்தவர் ஃபிரெதெரிக் கெதோன், அது 1997-இல். எங்கள் தெருவில் சனிக்கிழமை ராத்திரி முழுக்க ஹாரன் சத்தம்.

நேற்று நான் கர்ஃபூர் த லார்ப்ர் என்ற இடத்தில் நின்றேன். ரூபேக்கு 17 கிலோமீட்டர் முன்னால், ஐந்து நட்சத்திரம். டிக்கெட் கிடையாது. மஞ்சள் கொடியில் கறுப்புச் சிங்கத்தோடு பாதி பெல்ஜியம் அங்கேதான் இருந்தது. சாப்பிட உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினேன். கூடவே ஃபிரிக்காடெல் என்று நீளமாக ஒன்று விற்கிறார்கள், உள்ளே என்ன கறி என்று கேட்டால் விற்பவரே சிரிக்கிறார். அதை நான் தொடவில்லை, அத்தையிடம் இதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

மூன்று மணி நேரம் குளிரில் நின்றதற்கு, முன்னால் வந்தவரைப் பார்த்தது மூன்று வினாடி. ஹாலந்தின் மாத்யூ வான் டெர் பூல், ஒற்றை ஆளாக. பிரான்ஸ் கொண்டாடிய ரேமோன் பூலிதோரின் மகள் வயிற்றுப் பேரன், அதனால் இவர்களுக்கும் பாதிச் சொந்தம். யாரோ ஒரு பாவி அவர் முகத்தில் தண்ணீர் பாட்டிலை எறிந்திருக்கிறான், அப்படியும் நிற்கவில்லை. அவருக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் பின்னால் டூர் த பிரான்ஸ் சாம்பியன், ஸ்லோவேனியாவின் ததேய் பொகாச்சார். கிட்டத்தட்ட 38 கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு வளைவில் வேகம் கூடி விழுந்துவிட்டார், ஆட்டம் அங்கேயே முடிந்தது. முதல் தடவையே இரண்டாம் இடம் என்பது சாதாரணம் இல்லை. டூர் ஜெயிக்கிற ஆட்கள் கை கால் உடையும் என்று இந்தப் பக்கம் வருவதே அபூர்வம். வான் டெர் பூலுக்கு இது தொடர்ந்து மூன்றாவது வெற்றி. லாபீஸும், இத்தாலியின் மோஸெரும்தான் முன்பு அப்படிச் செய்தவர்கள்.

அடுத்த ஏப்ரலுக்கு நீங்கள் இங்கே வர வேண்டும் மாமா. கடையைப் பத்து நாள் பூட்டினால் அவிநாசியில் யாரும் நடந்து போய்விட மாட்டார்கள். ஸ்வெட்டர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சொலூஷன் ட்யூபைப் பெட்டியில் வைக்காதீர்கள், ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள். விசாவுக்கு வேண்டிய காகிதங்களை நான் இங்கிருந்து அனுப்புகிறேன். உங்கள் பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடப்பதாக அம்மா சொன்னாள். அதை மட்டும் இந்த மாதமே புதுப்பித்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்