டிரிகர் விரல்

காலையில் எழுந்ததும் என் வலது கை மோதிர விரல் மடங்கியே கிடக்கும். இடது கையால் பிடித்து இழுத்தால் 'டொக்' என்று ஒரு சத்தம். அதன் பிறகுதான் நிமிரும். கிளினிக் டாக்டர் விரலடியை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது டிரிகர் ஃபிங்கர்மா" என்றார். விரலை மடக்கும் நாண் ஓடுகிற உறை தடித்துப்போய், நாண் அதற்குள் சிக்கிக்கொள்கிறதாம். பெண்களுக்கும் இனிப்பு நீர்க்காரர்களுக்கும் அதிகம் வருமாம். நான் ரெண்டு வரிசையிலும் நிற்கிறவள். அறுபத்து மூன்று வருஷமாகத் துப்பாக்கியே பார்க்காத வீட்டுக்கு டிரிகர் மட்டும் தனியாக வந்து சேர்ந்தது.

இதை ஹூஸ்டனில் இருக்கும் தம்பி மகனிடம் சொன்னது முதல் தப்பு. அதே மூச்சில், பக்கத்துத் தெரு அக்காவின் கைப்பையை மோட்டார் சைக்கிள்காரன் பறித்துக்கொண்டு ஓடியதையும் சொன்னது ரெண்டாவது தப்பு. டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து இருபத்தொரு வயது ஆனவர்கள் பெரும்பாலும் லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் கைத்துப்பாக்கியை மறைத்துக்கொண்டு நடக்கலாம். அந்த ஊர்த் தண்ணீர் குடித்தவன் சும்மா இருப்பானா?

"அத்தை, உங்க கைக்கு ஏத்த பிஸ்டல் ஒண்ணு இருக்கு!"

வளையல் கடைக்காரன்கூட அவ்வளவு ஆசையாகச் சொன்னதில்லை.

வீடியோ காலில் வகுப்பு தொடங்கியது. பிஸ்டலின் மேல்பாகத்துக்கு ஸ்லைடு என்று பெயர். அதைப் பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் குண்டு உள்ளே ஏறும். உள்ளே இருக்கிற ஸ்பிரிங்தான் வில்லன். சின்னத் துப்பாக்கி என்றால் லேசாக இருக்கும் என்று நினைக்கக் கூடாதாம். பெரும்பாலும் சின்னதில்தான் ஸ்பிரிங் முறைக்கும், சுட்டால் உதையும் அதிகம். ரிவால்வரில் ஸ்லைடு கிடையாது, ஆனால் டிரிகரை இழுக்கப் பத்துப் பன்னிரண்டு பவுண்ட் விசை வேண்டும். இந்தக் கஷ்டத்துக்காகவே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 2018-இல் 'ஈஸி' என்றே பெயர் வைத்து ஒன்றை இறக்கியதாம். அதிலும் பிடியின் பின்னால் ஒரு கட்டை உண்டு; உள்ளங்கையால் அதை அமுக்கிப் பிடித்தால்தான் சுடும்.

"இழுக்காதீங்க அத்தை, தள்ளுங்க. விரல் நுனி வேணாம், முழு உள்ளங்கையால ஸ்லைடைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால பிடிய முன்னால தள்ளணும்."

நான் மேசைமேல் இருந்த மூட்டுவலி மாத்திரைப் பாட்டிலைப் பார்த்தேன். அதன் மூடியையும் அமுக்கித்தான் திருக வேண்டும். பிள்ளைகள் திறந்துவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதைத் திறந்து கொடுப்பது ஆறு வயதுப் பேரன்.

"டேய், இது டெக்சஸ் இல்ல, நம்ம ஊரு புந்தோங்டா" என்றேன். மலேசியாவில் துப்பாக்கி வேண்டுமென்றால் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாநிலப் போலீஸ் தலைவரிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். இல்லாமல் வைத்திருந்தால், 1971-இல் வந்த சட்டப்படி பதினாலு வருஷம் வரை சிறை, ஆறு பிரம்படிக்குக் குறையாது. பெண்களுக்குப் பிரம்படி இல்லை என்பது ஒரு சலுகை. கைப்பையைக் காப்பாற்றிவிட்டு எழுபத்தேழு வயதில் வெளியே வரலாம்.

அவன் சிரித்தான். எங்கள் அப்பா இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார். அவர் சுங்கை சிப்புட் பக்கம் கித்தா (ரப்பர்) தோட்டத்தில் வளர்ந்தவர். 1948 ஜூன் 16-இல் அந்த வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டு, அவசரகாலம் வந்தது. அதன்பிறகு தோட்டத்துத் துரை இடுப்பில் பிஸ்டல் இல்லாமல், காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரமாட்டாராம். துரை வைத்திருந்தால் அது தற்காப்பு. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி ஒரு ரிவால்வர் வைத்திருந்தார் என்று, 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லும்போது அப்பா எழுந்துபோய் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்துதான் சொல்வார்.

ஆக, பிஸ்டல் யோசனை அன்றோடு முடிந்தது. பையை ரோட்டுப் பக்கம் மாட்டாமல் சுவர்ப் பக்கம் மாட்டிக்கொண்டேன். காசு இடுப்புச் சுருக்குப் பைக்கு இடம் மாறியது. மறைத்து எடுத்துப் போவதில் எங்கள் பாட்டிமார் டெக்சஸ்காரனுக்கே பாடம் எடுப்பார்கள்.

தீபாவளிக்கு அவன் வந்தான். ஜிம்முக்குப் போய் முறுக்கேறிய கை. புந்தோங்கில் கச்சாங் பூத்தே கம்பம் என்று ஒரு பகுதியே இருக்கிறது. எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்தவர்கள் கடலை வறுத்து, முறுக்குச் சுட்டு வளர்த்த இடம். அந்த ஊரில் பிறந்துவிட்டு முறுக்குப் பிழியாமல் விமானம் ஏறலாமா? அம்மாவின் மர உரலை அவன் கையில் கொடுத்தேன். மாவை நிரப்பி, மேல்கட்டையை வைத்து அமுக்கினான். அசையவில்லை. பல்லைக் கடித்தான். மூக்கு வழியாக மூச்சு வந்ததே தவிர, உரல் வழியாக முறுக்கு வரவில்லை.

"விரலால அமுக்காதடா. முழு உள்ளங்கை. மேல இருந்து உடம்போட தள்ளு."

மூன்றாவது முறுக்கில் நெற்றி வியர்த்து எண்ணெயில் சொட்டியது; சட்டி சீறியது.

"இது எத்தனை பவுண்ட் அத்தை இருக்கும்?"

"தெரியலைய்யா. உங்க ஊர்ல 'ஈஸி'ன்னு எழுதின உரல் கிடைச்சா வாங்கி அனுப்பு."

மறுநாள் காலை பசியாறக் கூப்பிட எழுந்து வந்தேன். வரவேற்பறையில் மாத்திரைப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என் பேரனைத் தேடிக்கொண்டிருந்தான்.