காதுகிட்ட வச்சுச் சுத்திப் பாரு

அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா லேத் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் தெருப் பையன்கள் சக்கரத்தை எண் சொல்லித்தான் அழைப்போம். 6204, 6305. கம்பெனி மோட்டார்களில் ஓடித் தேய்ந்து, காயலான் கடைக்கு எடைக்குப் போன பேரிங்குகளின் எண்கள் அவை. 6204க்கு உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47. 6305க்கு 25, 62. வாய்ப்பாடு மறந்த பையனுக்கும் இது மறக்காது. சின்னது இரண்டு முன்னால், பெரியது இரண்டு பின்னால். மேலே, மெஷின் வந்திறங்கிய பெட்டியின் பலகை. முன்கட்டையை ஒரே போல்ட்டில் மாட்டி இரு முனையிலும் கயிறு கட்டினால் ஸ்டியரிங். பழைய டயர்த் துண்டை ஆணியடித்துத் தொங்கவிட்டுக் குதிகாலால் அழுத்தினால் பிரேக். இதுதான் பேரிங் வண்டி. பெரியவர்கள் பால்ரஸ் வண்டி என்பார்கள்.

1977இல் எனக்கு 11 வயது. சுற்றிலும் இரும்பும் எண்ணெயும்தான் ஊர். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949 முதல் அங்கே இருந்தது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். ஆவடி தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்ததை, ஏதோ தன் லேத்தில் பிறந்த பிள்ளைபோலச் சொல்வார் அப்பா. டாங்கியும் கார் பாகங்களும் சைக்கிளும் செய்கிற ஊரில், எங்கள் வீட்டில் இருந்த ஒரே வண்டி அப்பாவின் சைக்கிள்.

பேரிங் வண்டி செய்வதற்கு அவர் தடை சொன்னதில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்.

"எந்த மெஷின்ல ஓடுச்சுன்னு தெரியாத பேரிங்கை வண்டியில போடாதடா. மண்ணெண்ணெயில கழுவு. காதுகிட்ட வச்சுச் சுத்திப் பாரு. உள்ள மணல் அரைக்கிற மாதிரி இருந்தா தூக்கிப் போடு."

ஒருமுறை நான் காதில் வைக்கவில்லை. காயலான் கடையில் வாங்கிய பேரிங்கை அன்று மாலையே கட்டையில் அடித்து ஏற்றி, தம்பியை உட்காரவைத்து ஏரிக்கரைச் சரிவில் தள்ளிவிட்டேன். பாதிச் சரிவில் முன்சக்கரம் பிடித்துக்கொண்டது. தம்பி முகம் குப்புற விழுந்தான். மோவாயில் மூன்று தையல். அப்பா அடிக்கவில்லை. இரவு அந்தப் பேரிங்கை உடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். குண்டுகளைப் பிரித்து நிறுத்தும் தகட்டுக் கூடு துண்டு துண்டாக உடைந்திருந்தது. "இது உடைஞ்ச சத்தம் முன்னாடியே கேட்டிருக்கும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இன்ஜின் வைத்த வண்டிகள் பறப்பதை நான் முதலில் பார்த்தது சோழவரத்தில். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்கள் நடத்தியது. செங்குன்றம்வரை பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். கூட்டத்தில் அப்பாவின் தோளில் ஏறி நின்று பார்த்தேன். எனக்கு வேகம் தெரிந்தது. அவருக்கு, எந்த வண்டியில் வால்வு சரியில்லை என்பது தெரிந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தபோது அப்பா இல்லை.

இப்போது என் மகனுக்கும் வேலை அதே எஸ்டேட்டில்தான். ஆலைகள் இருந்த சாலையில் எழுந்த கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. பேத்திக்கு 11 வயது. ஒரு பிறந்தநாளுக்கு வாடகைக் கார்ட் ஓட்டிவிட்டு வந்தவள், தூங்கும்வரை அதையே பேசினாள். "பழசா ஒண்ணு வாங்கலாம்பா, நீங்க வந்து பாருங்க" என்றான் மகன். தயங்காமல் சரி என்றேன். கோ-கார்ட் என்பதே மிச்ச சாமானில் பிறந்த வண்டி. 1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்ற பந்தயக் கார்ப் பட்டறைக்காரர், குழாய்களை வளைத்துப் பற்றவைத்து, புல்வெட்டும் இயந்திரத்துக்கான இன்ஜினைப் பொருத்திச் செய்ததுதான் முதல் கார்ட். பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கருக்குக் கொத்தனாரான அவர் அப்பா, மிதிவண்டிக் கார்ட் ஒன்றில் சின்ன மோட்டார் சைக்கிள் இன்ஜினை மாட்டிக் கொடுத்தபோது பையனுக்கு நான்கு வயது. எங்கள் ஏரிக்கரை வண்டிக்கும் அதற்கும் வம்சம் ஒன்றே.

முதலில் பார்த்த வண்டி பளபளவென்று இருந்தது. புதுச் சிவப்புப் பெயின்ட், புதுச் சீட். விற்றவர் இன்ஜினைக் கிளப்பி முறுக்கிக் காட்டினார். நான் இன்ஜினைப் பார்க்கவில்லை, கவிழ்க்கச் சொன்னேன். கார்ட்டுக்கு ஸ்பிரிங் கிடையாது, ஷாக் அப்சார்பர் கிடையாது, டிஃபரன்ஷியலும் கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் ஒன்றாகச் சுற்றும். வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு இம்மி எழும்பினால்தான் வண்டி திரும்பும். அதற்கு வளைந்துகொடுப்பது சேஸிஸ் குழாய்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் முறுக்கு வாங்கி வாங்கி, பற்றவைத்த இடத்தில்தான் அது விரிசல் விடும். அப்பா கம்பெனியில் செய்தபடி செய்தேன். ஒட்டுகளில் மண்ணெண்ணெய் தடவி, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவிக் காத்திருந்தோம். முன்சக்கரம் மாட்டும் முனையருகே பொடியில் மெல்லிய ஈரக்கோடு ஒன்று எழுந்தது. பேத்திதான் முதலில் பார்த்தாள். திரும்பி வந்துவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து வாங்கியது, வாடகைக்கு ஓடிய அழுக்கு வண்டி. 85 ஆயிரம் ரூபாய். அடிக்குழாய்கள் தடத்தின் ஓரக்கல்லில் உரசித் தேய்ந்திருந்தாலும் தட்டையாகிவிடவில்லை. முன்சக்கர முனையிலிருந்து பின்அச்சுவரை இரு பக்கமும் டேப் பிடித்தோம். அளவு ஒன்றாக வந்தது. பின்பக்கத்தைத் தூக்கி அச்சைக் கையால் சுற்றினால் ஆட்டமில்லை. பிறகு காதை வைத்தேன். இடப்பக்கப் பேரிங்கில் மணல் அரைத்தது. அதை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி விலையைக் குறைத்தோம்.

இன்ஜின் ஹோண்டா ஜிஎக்ஸ் 200. 196 சிசி, நான்கு ஸ்ட்ரோக். தண்ணீர் பம்பிலும் கட்டட வேலையிலும் ஓடுகிற அதே இன்ஜின். உதிரிபாகத்துக்கு அலைய வேண்டாம். பந்தயத்துக்கான இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் இன்னும் வேகம் கொடுக்கும். ஆனால் குறித்த மணி நேரத்துக்கொருமுறை பிரித்து வேலை பார்க்க வேண்டும். குடும்பத்தின் பணமும் பொழுதும் அதிலேயே போய்விடும். பழகுகிற குழந்தைக்கு அது தேவையில்லை என்பது என் முடிவு. ஆக்சிலேட்டர் மிதிக்குக் கீழே ஒரு போல்ட் வைத்து, எவ்வளவு அழுத்தலாம் என்று அளந்துவிட்டோம். அவள் பழகப் பழக அந்தப் போல்ட் சுற்றுச் சுற்றாக இறங்குகிறது.

எங்கள் காலத்தில் தெரு இருந்தது, இன்ஜின் இல்லை. இவளுக்கு இன்ஜின் இருக்கிறது, தெரு இல்லை. அடுக்ககத்தில் நிறுத்தக்கூட இடமில்லாமல், எஸ்டேட்டில் நண்பரின் லேத் பட்டறை மூலையில்தான் வண்டி நிற்கிறது. கார் நிறுத்தும் கீழ்த்தளத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்ன அண்டைவீட்டாருக்கு மகன் மறுத்துவிட்டான். அது சரியான மறுப்பு. கார்ட் சாலைக்கான வண்டி அல்ல. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றவருக்கோ வண்டிக்கு உரியவருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சட்டம் இருக்கட்டும்; தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தை எந்த லாரிக்காரர் கண்ணிலும் படாது. ஆகவே மாதம் ஒருமுறையோ இருமுறையோ, சொந்த வண்டியை இறக்க விடுகிற தடத்துக்கு டெம்போவில் ஏற்றிப் போகிறோம். அதற்கு முந்தின ஞாயிறு முழுக்கப் பட்டறை.

எனக்கு அந்த ஞாயிறுதான் பெரிது. செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, தொங்கல் அரை அங்குலம் இருக்கிறதா என்று பேத்தி விரலால் அழுத்திப் பார்ப்பாள். பிரேக் ஆயில் மட்டம், ஸ்டியரிங் கம்பிகளின் நட்டு, அச்சைப் பிடித்திருக்கும் கிரப் ஸ்க்ரூ, சீட்டுத் தாங்கிகளின் ஒட்டு. ஏர் ஃபில்டரைக் கழுவிக் காயவைப்பாள். 100 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்ஜின் ஆயில் மாற்றினால் போதும் என்கிறது கையேடு. புழுதியும் சூடும் தின்கிற கார்ட்டுக்கு அது காணாது. 20 மணிக்கே மாற்றுகிறோம், 600 மில்லிதானே. போன மாதம் வால்வு இடைவெளி பார்த்தோம். உள்ளே இழுக்கிற வால்வுக்கு 0.15 மில்லிமீட்டர், புகை விடுகிற வால்வுக்கு 0.20. ஃபீலர் கேஜை அவள் கையில் கொடுத்தேன். தகடு லேசாகப் பிடித்து வழுக்கியதும் முகத்தைத் திருப்பாமலே, "தாத்தா, இப்ப கரெக்டா இருக்கு" என்றாள். அப்பா இருந்திருந்தால் அந்தக் குரலைக் கேட்டிருப்பார்.

மகனும் இப்போது ஸ்பானர் பிடிக்கிறான். கம்பெனி வேலையில் 15 ஆண்டு ஓடியவனோடு நான் இவ்வளவு பேசியது இந்தப் பட்டறைத் தரையில்தான்.

பழைய கார்ட் வாங்க நினைக்கும் பெற்றோருக்குச் சொல்கிறேன். வண்டிக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்துவைத்து, முழுமுகம் மூடுகிற ஹெல்மெட், விலாக்காப்பு, கையுறை வாங்குங்கள். அவை பழசாக வேண்டாம். பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், கவிழ்த்துப் பாருங்கள். துப்பட்டா வேண்டாம், தொங்கும் கயிறு வேண்டாம். பின்அச்சு மூடியில்லாமல் சுற்றுகிற வண்டி இது. கார்ட்டில் தலைமுடி சிக்கி நம் நாட்டிலேயே பெண்கள் உயிரிழந்திருக்கிறார்கள். பின்னலைச் சுருட்டிச் சட்டைக்குள் விட்டு, அதன்மேல் துணிமுகமூடி போட்ட பிறகுதான் ஹெல்மெட். பிள்ளையைத் தடத்துக்கு மட்டும் கூட்டிப்போகாமல் பட்டறைக்கும் கூட்டி வாருங்கள். அங்கேயும் செயின் சுற்றும். அங்கேயும் முடியைக் கட்டிவிடுங்கள்.