பத்தியக்காரர்

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்து, பரிமாறியதையெல்லாம் லேப் ரிப்போர்ட் பார்ப்பதுபோல் குனிந்து பார்ப்பாரே ஒருவர், அவர்தான். "வத்தக்குழம்பா? புளி எனக்கு ஆகவே ஆகாது தம்பி." பையன் வாளியோடு நகர்ந்தால் முகம் வாடிவிடும். "சரி, ஆசையா கொண்டுவந்துட்டே, ஒரு கரண்டி ஊத்து." அந்த ஒரு கரண்டி எண்ணிக்கை அல்ல, பிள்ளையார் சுழி.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஜெலுசில் அட்டை. ஸ்கூட்டர் பெட்டியில் ரோஸ் கலர் டைஜீன் பாட்டில். மூடியில் அளந்து குடித்த காலம் மலையேறிவிட்டது. இப்போதெல்லாம் அண்ணாந்து ஒரே மடக்கு.

டாக்டர் அவர் வியாதிக்கு என்ன பெயர் எழுதினாலும் அவருக்கு அது 'கேஸ்'தான். முதுகு பிடித்தால் கேஸ் ஏறியிருக்கிறது, முழங்கால் வலித்தால் கேஸ் இறங்கியிருக்கிறது. இத்தனைக்கும் விஷயம் தெரியாதவரில்லை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேருகிற இடத்தில் சுருக்குப்பையின் வாய்போல ஒரு தசை உண்டு, அது தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும், வயிறு முட்டத் தின்றாலும் தின்ற கையோடு படுத்தாலும் எதுக்களிக்கும் என்று எதிர்வீட்டுக்காரருக்கு அரைமணி நேரம் விளக்குவார். ஆவி பறக்கும் காப்பி டபராவைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

காப்பியை அவர் விட்டுவிட்டார். அதாவது, காலைக் காப்பியை. பதினொரு மணிக்குக் குடிப்பதும் நாலு மணிக்குக் குடிப்பதும் கணக்கில் வராது. எரிச்சல் வந்தால் பன்னீர் சோடா. பெரிதாக ஓர் ஏப்பம் வந்ததும் முகம் மலரும். வெளியே போனது சோடாவின் கேஸ். அதைத் தன் கேஸாக வரவு வைத்துக்கொள்வார்.

கட்டில் கதையைச் சொல்லியாக வேண்டும். தலைமாட்டை ஆறு அங்குலம் உயர்த்தச் சொன்னார் டாக்டர். இவர் முதலில் மூன்று தலையணை அடுக்கிப் பார்த்தார். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்; உடம்பு வயிற்றில் மடங்கி எரிச்சல் இன்னும் கூடியது. பிறகு கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்தார். நல்ல வைத்தியம்தான். ஆனால் அது இரட்டைக் கட்டில். விடிவதற்குள் வீட்டம்மா கால்மாட்டுக்குச் சரிந்து கிடந்தார். "உங்க வயித்துக்கு நான் எதுக்குங்க தினமும் மலை இறங்கணும்?" என்று கேட்டுவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனவர்தான். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னதை மட்டும் இவர் அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறார். டிவி இருப்பது அந்தப் பக்கம்.

சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விட வேண்டும் என்பதும் அவருக்கு மனப்பாடம். இரவு பத்தரைக்குப் பரோட்டா சால்னாவை முடித்து, பத்து முப்பத்தைந்துக்குப் படுக்கிறார். ஒன்றரை மணிக்குப் புளித்த ஏப்பத்தோடு எழுந்து உட்காருகிறார். மூன்று மணி நேரம் அங்கே சரியாக வந்துவிடுகிறது! மறுநாள் குற்றப்பத்திரிகை பரோட்டாவின் மேல் அல்ல, சாயங்காலம் தொட்டுக்கொண்ட தக்காளிச் சட்னியின் மேல். ஊர் அவரைப் பத்தியக்காரர் என்கிறது. வீட்டம்மா அதில் ஓர் ஐகாரம் சேர்த்துக்கொள்கிறார்.

ஒன்றில் மட்டும் அவரோடு எனக்குச் சிரிப்பு வராது. மார்பு இறுகி, வியர்த்துக் கொட்டி, இடது கைக்கு வலி இறங்கினாலும் அதையும் கேஸ் என்று ஓமவாட்டர் பாட்டிலைத் தேடுகிற ஆள் அவர். அந்த நேரத்தில் கை தேட வேண்டியது 108ஐ.

மற்றபடி தங்கமான மனிதர். அடுத்த பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் தாராளமாகப் பேசுங்கள். "உடம்பு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பதில் முடிவதற்குள் உங்கள் அப்பளம் நமத்துப் போயிருக்கும்.