புள்ளலூர்ச் சுவரோவியத்தின் ஃப்ரேம் ரேட்: ஸ்ரீரங்கப்பட்டணத்து வீட்டுக் கணினி ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

காவிரி இரண்டாகப் பிரிந்து, ஊரைச் சுற்றிவந்து, மறுபடி ஒன்றுசேரும் தீவு ஸ்ரீரங்கப்பட்டணம். இயற்கையே வாட்டர் கூலிங் செய்துகொடுத்த ஊர். அப்படிப்பட்ட ஊரில், அதுவும் ஆற்றங்காற்று வரும் கஞ்சாம் பக்கத்து வீடொன்றில், ஒரு கணினி சூடேறி கேம் லேக் அடிப்பது ஏன் என்பதே இவ்வாய்வின் சிக்கல். ஹைதர் அலி, திப்பு சுல்தான் பற்றி எழுதப்பட்ட நூல்களை அடுக்கினால் கோட்டை மதில் உயரத்துக்கு வரும். இவ்வாய்வாளர் புரட்டிய வரையில் அவற்றில் ஷேடோ செட்டிங்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த இடைவெளியை இட்டு நிரப்ப வேண்டிய பொறுப்பு, வேறு யாரும் முன்வராத நிலையில், இவ்வாய்வாளர் மீது விழுந்தது.

ஆய்வுக்கு முதன்மை ஆதாரம் மேற்படி கணினி. தகவலாளி அதன் உரிமையாளன்; பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு மாணவன், இவ்வாய்வாளருக்கு மருமான் முறை. துணைமை ஆதாரமாக அவன் பாட்டி, அதாவது இவ்வாய்வாளரின் தாயார், அந்தக் கணினியைப் பற்றி அவ்வப்போது வெளியிட்டுவரும் கருத்துகள் கொள்ளப்பட்டன. அவற்றுள் அச்சேற்றத் தகுந்தவை மட்டும் இங்கே இடம்பெறும்.

கருதுகோள்

ஃப்ரேம் ரேட் (எஃப்பிஎஸ்) என்பது ஒரு நொடியில் கணினி வரைந்து தள்ளும் படங்களின் எண்ணிக்கை. 60 வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிசெகண்ட். 144 வேண்டுமென்றால் ஏழுக்கும் குறைவு. அதற்குள் கோட்டை, கொத்தளம், புகை, புல், எதிரியின் மீசை எல்லாம் வரைந்தாக வேண்டும். முடியவில்லை என்றால் படம் தாமதமாக வரும். எதிரி காத்திருக்க மாட்டான். நிறைய வரைவதா, நிறைய தடவை வரைவதா என்பதே இதிலுள்ள சங்கடம்.

இந்தச் சங்கடத்துக்கு உலகில் சாத்தியமான மூன்று தீர்வுகளும் 1784-க்கும் 1800-க்கும் இடையே இந்த ஒரே தீவை வைத்துக் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன என்பதும், பின்னால் வந்த கிராபிக்ஸ் கார்டு கம்பெனிகள் அவற்றை அட்டைப்பெட்டியில் போட்டு விற்கின்றன என்பதும் இவ்வாய்வாளரின் துணிபு.

முதல் தீர்வு: சுவர்

1784-ல் திப்பு கட்டி முடித்த தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் புள்ளலூர்ப் போர் தீட்டப்பட்டிருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள அந்த ஊரில் 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் வளைத்து முறியடித்தார்கள். (அதே புள்ளலூரில் பல்லவ மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகச் செப்பேடு சொல்கிறது. ஓர் ஊருக்கு இத்தனை பெரும்போர் என்பது கொஞ்சம் அதிகம்தான்.) சுவரில் யானையும் குதிரையும் பல்லக்கில் காயம்பட்ட பெய்லியும் வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டியும் ஒரே சமயத்தில் நிகழ்ந்துகொண்டிருக்கின்றன. நொடிக்கு ஃப்ரேம் பூஜ்யம். ஆனால் லேக் கிடையாது. அலங்காரம் முழுக்க ‘அல்ட்ரா’.

இங்கே ஒரு திருத்தம் அவசியம். சுவரை நெருங்கிப் பார்த்தால் ஓவியர்கள் எல்லாவற்றையும் அல்ட்ராவில் வைக்கவில்லை என்பது தெரியவரும். இவ்வளவு பெரிய போர்க்களத்தில் ஒரு சிப்பாய்க்குக்கூடத் தரையில் நிழல் விழவில்லை. ஷேடோ ஆஃப். தூரத்தில் நிற்பவன் சிறுத்துப் போகவில்லை. அவனும் பக்கத்தில் நிற்பவனும் ஏறக்குறைய ஒரே அளவு. சிப்பாய் வரிசையில் ஒருவனை வரைந்து, அதே தொப்பியும் அதே கால்வைப்புமாக மற்றவர்களை அடுக்கியிருக்கிறார்கள். இன்றைய கேம் தயாரிப்பாளர்கள் ஒரே உருவத்தை ஆயிரம் இடத்தில் நிறுத்திக் கூட்டம் காட்டுவதும் இப்படித்தான். சுருங்கச் சொன்னால், எதைக் குறைத்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று அந்த ஓவியர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

“மாமா, ஷேடோவக் கொறச்சா பத்துப் பதினஞ்சு எஃப்பிஎஸ் ஏறும்” என்று தகவலாளி சொன்னபோது இவ்வாய்வாளருக்கு மெய்சிலிர்த்ததற்குக் காரணம் இதுவே. நிழலைக் கணக்கிட, ஒவ்வொரு விளக்கின் இடத்தில் நின்றும் கணினி காட்சியை இன்னொரு முறை வரைந்து பார்க்க வேண்டியிருக்கிறது; அதனால் அது செலவாளி. டெக்ஸ்ச்சர் அப்படியல்ல. கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம் நிரம்பும் வரை அதை உயர்த்தி வைத்தால் பெரிய நஷ்டமில்லை. சுவரிலும் சட்டைத் துணியின் பூவேலைக்குக் குறை வைக்கவில்லை என்பது நோக்கத்தக்கது.

அந்த ஓவியத்துக்கு அப்டேட்டுகளும் வந்திருக்கின்றன. ஒரு கட்டத்தில் வெள்ளையடித்து மறைக்கப்பட்டது. கம்பெனியிடம் கோட்டை விழுந்தபின் அந்த மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லஸ்லி மீட்டெடுக்கச் சொன்னார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் டல்ஹவுசி காலத்தில் மறுபடி தீட்டப்பட்டது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு பழைய பதிப்பே தேவலை என்று யாரேனும் சொல்லியிருப்பார்கள். டிரைவர் அப்டேட் செய்தவர்கள் அறிவார்கள்.

இரண்டாம் தீர்வு: புலி

சுவர் ஒரு கோடி என்றால் புலி மறு கோடி. 1799 மே 4 அன்று கோட்டை விழுந்தபின் அரண்மனையில் அகப்பட்ட பொருள்களில், வெள்ளைக்காரன் ஒருவனைக் கிடத்தி அவன்மேல் பாய்ந்திருக்கும் மரப்புலி ஒன்று. நீளம் 178 செ.மீ. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே துருத்தி இயங்கி, புலி உறுமும், கிடப்பவன் ஓலமிடுவான், அவன் கை ஒன்று மேலும் கீழும் போகும். பக்கவாட்டில் ஒரு மூடியைத் திறந்தால் 18 கட்டைகள் கொண்ட சிறு ஆர்கன் வேறு. இவ்வளவுதான் காட்சி. பின்னணி கிடையாது, புல் கிடையாது, வானம் கிடையாது. ஒரே ஒரு கை அசைகிறது. அதைச் சுற்றுகிறவன் விரும்பும் வேகத்தில் அசைகிறது. எல்லா செட்டிங்கும் ‘லோ’. ஆனால் ஆடுகிறவன் கைக்கும் காட்சிக்கும் நடுவே தாமதமே இல்லை.

போட்டி ஆட்டக்காரர்கள் புலிக் கட்சி. எதிரி தலை ஒன்று தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் களிமண் பொம்மையாக இருந்தாலும் சரி என்று ரெசல்யூஷனைக் குறைத்து விளையாடுவார்கள். அதில் கணக்கு இருக்கிறது. 1920-க்கு 1080 என்றால் ஒரு படத்துக்கு 20,73,600 புள்ளிகள். 1280-க்கு 720 என்றால் 9,21,600. வேலை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

புலிக்கு நேர்ந்த பிற்காலமும் பாடமாகும். லண்டனுக்குக் கொண்டுபோய், 1808 முதல் கம்பெனியின் தலைமையகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். வந்தவன் போனவனெல்லாம் கைப்பிடியைச் சுற்ற, பக்கத்தில் நூலகத்தில் படிக்க வந்தவர்கள் உறுமல் தாங்காமல் தவித்திருக்கிறார்கள். அளவுக்கு மீறி ஓட்டி ஓவர்கிளாக் செய்தால் முதலில் வருவது இரைச்சல்தான் என்பதற்கு இதைவிடப் பழைய ஆவணம் இவ்வாய்வாளருக்குக் கிடைக்கவில்லை. பிறகு கைப்பிடி காணாமல் போனது, படிப்பாளிகள் நிம்மதியடைந்தார்கள். புலி இப்போது விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில், கண்ணாடிக்குள், பவர் சேவர் மோடில் இருக்கிறது.

மூன்றாம் தீர்வு: கழுத்து

1800-ல் ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர், ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையைக் கம்பெனிப் படை பிடித்த காட்சியைச் சுமார் 120 அடி நீளத் திரையில் ஆறு வாரத்தில் தீட்டி லண்டன் லைசியத்தில் காட்டினார். வளைத்துக் கட்டிய படத்தின் நடுவில் நின்று பார்க்க வேண்டும். ஃப்ரேம் உற்பத்தி செய்யும் வேலையை அவர் பார்வையாளரின் கழுத்திடம் ஒப்படைத்துவிட்டார். அவர் இந்தியாவைக் கண்ணால் பார்த்தவரல்லர். கேள்விப்பட்டதை வைத்து, இடையில் இருந்திருக்கக் கூடியதை ஊகித்து நிரப்பினார்.

என்விடியா 2022-ல் கொண்டுவந்த ‘ஃப்ரேம் ஜெனரேஷன்’ செய்வதும் இதையே. கார்டு இரண்டு படங்களை உள்ளபடி வரைகிறது, நடுவில் ஒன்றை ஊகித்துச் செருகுகிறது. திரை மூலையில் தெரியும் எஃப்பிஎஸ் எண் எகிறுகிறது. ஆனால் ஊகித்த படத்துக்கு மௌஸ் அசைந்தது தெரியாது. கெர் போர்ட்டரின் சிப்பாய்களைப் போலவே, பார்க்க ஜோர், ஏவினால் கேட்காது.

களப்பணி

கோட்பாட்டை விட்டுக் கணினிக்கு வருவோம். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டிலா என்று முதலில் பார்க்க வேண்டும். பணம் கொட்டிக் கார்டு வாங்கி, கேபிளை மதர்போர்டில் செருகி, கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும் வீடுகள் உண்டு. அதேபோல் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, விண்டோஸ் செட்டிங்கில் 60-லேயே விட்டிருப்பார்கள். தனிக் கார்டு இல்லாத கணினியில் ஒரே ரேம் குச்சி இருந்தால் இரண்டாவது போடுவது நல்ல பலன் தரும். இரண்டு வழியாகத் தரவு போகும். எஸ்எஸ்டி போட்டால் கேம் சீக்கிரம் திறக்கும், ஃப்ரேம் பெரிதாக ஏறாது. ‘கேம் பூஸ்டர்’ என்று இலவசமாக வரும் மென்பொருள்கள் பெரும்பாலும் தாங்களே பின்னணியில் ஓடி இடத்தை அடைத்துக்கொள்பவை.

இதில் மானுடவியலாளர் கவனம் பெறாத ஒரு சடங்கைப் பதிவு செய்தாக வேண்டும். கேம் திறக்கும் முன் தகவலாளி டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ‘ரிஃப்ரெஷ்’ அழுத்துகிறான். ஒரு தடவை அல்ல. ஐகான்கள் கண்சிமிட்டக் கண்சிமிட்ட அழுத்துகிறான். ஐகான்களை மறுபடி வரைவதைத் தவிர அது எதுவும் செய்வதில்லை. இதை எடுத்துச் சொன்னதற்கு, “தெரியும் மாமா, ஆனா அழுத்தாம ஆரம்பிச்சா சரியா வராது” என்றான். இதே பதிலை இவ்வாய்வாளர் ராகுகாலம் குறித்து வேறொருவரிடமிருந்தும் பெற்றிருக்கிறார். அவர் அதே வீட்டில்தான் இருக்கிறார்.

திரை மூலையில் ஓடும் எஃப்பிஎஸ் எண்ணும் ஆராயத்தக்கது. அதை ஓடவிட்ட நாள் முதல் தகவலாளி கேமைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறான். எதிரி முன்னால் வந்து நிற்கிறான். இவனோ “ஐயோ 58” என்கிறான். அதுவோ சராசரி. ஒரு படம் மட்டும் 200 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டு, மீதி 49 படங்கள் 800-க்குள் வந்துவிட்டாலும் எண் ‘50’ என்றே காட்டும். கண்ணுக்கு அந்த ஒரு படம் இடறும். எனவே உச்சத்தைத் தேடாமல் ஒரு வரம்பு கட்டி, 60 என்றால் 60 என்று சீராக விடுவது நல்லது. ஊருக்கு மேலே கிருஷ்ணராஜ சாகர் அணை ஆற்றுக்குச் செய்வதும் அதுதான். (கன அடிக் கணக்குக்குள் போனால் தமிழ் வாசகர்களும் கன்னட வாசகர்களும் ஆய்வின் மையப்பொருளை மறந்துவிடக் கூடும் என்பதால் இந்த உவமை இத்துடன் நிறுத்தப்படுகிறது.) பழைய கேம்களில் வரம்பை அவிழ்ப்பது ஆபத்தும்கூட. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் ஃப்ரேம் லிமிட்டரை அணைத்தால் கதாநாயகன் நீந்தத் திணறுவான். காவிரிக்கரைப் பிள்ளைக்கு அது பெருத்த அவமானம்.

வெப்பம், தூசி, பூஜை

பிராசஸரோ கார்டோ குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல பிராசஸர்களுக்கு அந்த எல்லை 100 டிகிரிக்கு அருகில். மே மாதப் பகல் இதற்கு உகந்த நேரமல்ல. 1799-ல் கம்பெனிப் படை மே 4 பகல் ஒரு மணிக்கு ஆற்றில் இறங்கியதே, அந்த வெயிலில் காவலிருப்பவர்கள் ஓய்ந்து கிடப்பார்கள் என்ற கணக்கில்தான். திராட்டிலிங் என்பதைப் போர்த்தந்திரமாகப் பயன்படுத்தியவர்கள் என்ற வகையில் அவர்கள் இவ்வாய்வில் இடம்பெறுகிறார்கள்.

மேற்படி கணினியோ மே மாதத்தில் திணறியது, ஜூனில் திணறியது, மழை வந்தும் திணறியது. நவராத்திரியில் தேறிவிட்டது. மைசூரு தசரா 1610-ல் ராஜ உடையார் காலத்தில் தொடங்கியது இந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில்தான் என்பதால், ஆயுத பூஜையை இங்கே யாரும் அரைகுறையாகச் செய்வதில்லை. அன்று அரிவாள்மணை, ஸ்கூட்டர், மிக்ஸி வரிசையில் சிபியூவும் இறக்கி வைக்கப்பட்டது. பக்கத் தகடு கழற்றப்பட்டு, பெயின்ட் பிரஷ்ஷால் ஃபேன் இறக்கைகளிலும் ஹீட் சிங்க் பற்களிலும் படிந்திருந்த ஒரு வருஷத்துத் தூசி தட்டப்பட்டது. சந்தனம், குங்குமம், செவ்வந்தி. மறுநாள் விஜயதசமியன்று பழைய செட்டிங்கிலேயே கேம் சீராக ஓடியது.

முடிவு குறித்துப் புலமையாளர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. தூசி போனதால் காற்றோட்டம் வந்தது, வெப்பம் இறங்கியது, ஃப்ரேம் ஏறியது என்பது தகவலாளி கட்சி. பாட்டி கட்சியின் வாதம் இன்னும் எளிமையானது: “வருஷம் பூரா கத்திண்டு கெடந்தது, பூஜை பண்ணோம், அடங்கித்து. இதுல ஆராய என்னடா இருக்கு?” பூஜை முடிந்தபின் அவர் அன்புடன் போர்த்திவிட்ட பிளாஸ்டிக் உறை காற்றுத் துளைகளை அடைத்துவிட்டது என்பதும், அதைத் தகவலாளி இரகசியமாக எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டான் என்பதும் அவர் கட்சிக்கு இன்னும் தெரியாது.

இவ்விவாதத்தைத் தீர்க்க முறையான கட்டுப்பாட்டுச் சோதனை ஒன்று வகுக்கப்பட்டது. அடுத்த ஆயுத பூஜையில் இவ்வாய்வாளரின் மடிக்கணினிக்குத் தூசி தட்டாமல் பூஜை மட்டும், மருமானின் கணினிக்குப் பூஜையில்லாமல் தூசி தட்டல் மட்டும் செய்து, இரண்டின் வெப்பத்தையும் ஒப்பிட வேண்டும். திட்ட வரைவு ஒப்புதலுக்காகச் சமையலறைக்கு அனுப்பப்பட்டது. முதல் பாதி சோம்பேறித்தனம், இரண்டாம் பாதி அபசாரம் என்று குறிப்பெழுதி, இரண்டையும் நிராகரித்து, வந்த கையோடு தேங்காய் துருவித் தரும்படி ஆய்வாளருக்கு உத்தரவாயிற்று.