நாலு நாளில் ஞானம்

நம் முனிவர்கள் பாவம், விவரம் தெரியாதவர்கள். உடம்பைச் சுற்றிப் புற்று வளரும் வரை காட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்காவில் வெர்னர் எர்ஹார்ட் என்ற புண்ணியவான் 1971இல் அதே காரியத்தை இரண்டு சனி ஞாயிறில், சுமார் 60 மணி நேரத்தில், ஓட்டல் ஹாலிலேயே முடித்துக் கொடுத்தார். அந்தப் பயிற்சிக்கு ‘எஸ்ட்’ என்று பெயர். கட்டணம் ஆளுக்கு 250 டாலர் அளவில். புலி பயம் கிடையாது.

துறவில் அவருக்கு ஈடு யார்? புத்தர் விட்டுப்போனது ஒரே பிள்ளையை. இவர் 1960இல் பிலடெல்பியாவில் மனைவியோடு நான்கு குழந்தைகளையும் விட்டார். துறவு தனிமையாகிவிடக் கூடாதே என்று இன்னொரு பெண்ணை உடன் அழைத்துக்கொண்டார். தீட்சைக்குக் குருவைத் தேடி அலையவில்லை. பத்திரிகையில் படித்த இரண்டு ஜெர்மானியர்களின் பெயரில் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ள, ஜாக் ரோசன்பர்க் வெர்னர் எர்ஹார்ட் ஆனார். முன்பு கார் விற்றவர். வாங்க வருகிறவனின் மனசு அவருக்கு அத்துப்படி.

புலனடக்கம் கற்பித்த விதம்தான் அற்புதம். கைக்கடிகாரம் கூடாது. இடைவேளை வரும்வரை கழிப்பறை கிடையாது. இடைவேளையோ மணிக்கணக்கில் வராது. மேடையில் பயிற்சியாளர் கெட்ட வார்த்தையில் அர்ச்சனை செய்ய, கீழே ஒருவர் தொடைகளை இறுக்கிக்கொண்டு, நெற்றி வியர்க்கக் கதவையே பார்த்திருக்கிறார். பதஞ்சலிக்குத் தோன்றாத ஆசனம்! கடைசி நாளில் ரகசியம் உடைக்கப்படும்: புரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாததை இவ்வளவு நாணயமாக, ஒன்றுமில்லை என்று சொல்லியே விற்றவர் வேறு யார்?

உன் வாழ்க்கையில் நடப்பது எல்லாவற்றுக்கும் நீயே பொறுப்பு என்பது இன்னொரு பாடம். வேலை போனதா, நீ. பயிற்சி பலிக்கவில்லையா, அதுவும் நீதான். இப்படி ஒரு வாரண்டி கார் வியாபாரத்தில் கிடைக்காது.

அவர் கருணை அதோடு நிற்கவில்லை. 1977இல் ‘பசித் திட்டம்’ என்ற அமைப்பு பிறந்தது. 20 ஆண்டுகளில் உலகில் பசியே இராது என்றார்கள். முதலில் சோறு அனுப்பிக் கொச்சைப்படுத்தவில்லை. பசி தீரும் என்ற எண்ணத்தைப் பரப்பினார்கள். 1997 வந்தது, போனது. பசி மட்டும் போகவில்லை. அதற்கு அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். பசித்தவர்கள் 250 டாலர் கட்டி வந்திருக்க வேண்டும்.