யார் அந்த அம்மா?

மியூனிக்,
ஜூன் மாசம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்க நலத்தை ஞாயித்துக்கிழமை போன்லயே கேட்டாச்சு, அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். நான் அனுப்பின படத்தைப் பார்த்துட்டு, "படகுல சிவப்பு வெல்வெட் சோபாவுல உன் வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற அம்மா யாருடி? நீ எங்கே போனே?"ன்னு கேட்டிருந்தே. மாமாவும் அதையே தனியா கேட்டிருந்தார். வாட்ஸ்அப்ல தட்டி முடியுற கதை இல்லை அது. அதனாலதான் கடுதாசி.

எல்லாம் என் பொண்ணு பண்ணின வேலை. "25 வருஷம் ஆச்சு, கல்யாண நாளுக்கு அம்மாவை ரொமான்டிக்கா எங்கேயாவது கூட்டிட்டுப் போப்பா"ன்னா. இவர் பக்கத்து ஏரிக்கரையைச் சொன்னார். அவ வெனிஸ்னா. "அங்கே என்ன இருக்கு?"ன்னார். "கார் இல்லை"ன்னா. நாள் பூரா கார் கம்பெனியில கார் பாகங்களையே வரைஞ்சுக்கிட்டிருக்கிற மனுஷனுக்கு அது எப்படியோ பிடிச்சுப் போச்சு.

மியூனிக்லேருந்து நேரா ரயில் இருக்கு. பிரென்னர் கணவாய் வழியா ஆல்ப்ஸைத் தாண்டி இறங்குது. வழியில வெரோனா வந்துச்சு. ரோமியோ ஜூலியட் ஊராம். ஜூலியட் நின்ன பால்கனின்னு சொல்லி ஜனங்க கூட்டம் கூட்டமா போய்ப் பார்க்குறாங்களே, அது 20-ஆம் நூற்றாண்டுல கொண்டுவந்து பொருத்தினதுன்னு இவர் படிச்சுச் சொன்னார். கல்யாண நாளுக்குக் கிளம்பின மனுஷன் பேசுற பேச்சா இது! நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

வெனிஸ்ல கார் இல்லைன்னு தெரியும். சக்கரம் வெச்ச எதுக்குமே அங்கே மரியாதை கிடையாதுன்னு பெட்டியை இழுத்தப்புறம்தான் தெரிஞ்சுது. நூறுக்கு மேல குட்டித் தீவு, நானூறுக்கு மேல பாலம், ஒவ்வொரு பாலத்துக்கும் இந்தப் பக்கம் ஏறப் படி, அந்தப் பக்கம் இறங்கப் படி. படகு பஸ் இருக்கு, 75 நிமிஷத்துக்கு ஒருத்தருக்கு 9.50 யூரோ. விலைப் பலகையைப் பார்த்ததும் இவருக்கு நடக்கிறது உடம்புக்கு நல்லதுங்கிற ஞாபகம் வந்துடுச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும்க்கா, பெட்டியில என்னை ஒரு விரல்கூட வைக்க விடலை. மூணாவது பாலத்துல மூச்சு வாங்கிக்கிட்டே, "உள்ளே என்னதான் வெச்சிருக்கே?"ன்னார். சின்ன ரைஸ் குக்கரும் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலும் இருக்குன்னு நான் சொல்லலை. சாயங்காலம் அவரே சந்தோஷப்படப் போறார், இப்ப எதுக்குச் சொல்லிக்கிட்டு?

இன்னொரு சந்தோஷமும் அவருக்குக் கிடைச்சுது. கூட்டம் தாங்காம 2024-லேருந்து அந்த ஊருக்குள்ளே வரவே காசு கேக்குறாங்க. குறிப்பிட்ட சில நாள்ல, காலையில வந்து சாயங்காலம் திரும்புறவங்களுக்குக் குறைஞ்சது 5 யூரோ. ராத்தங்குறவங்களுக்கு அது கிடையாது. பத்து யூரோ மிச்சம்னு ஓட்டல் வரைக்கும் சிரிச்ச முகமா வந்தார். ஓட்டல்ல அதுக்குன்னே ஒரு தங்கும் வரி போட்டு நீட்டினாங்க.

இப்ப அந்த அம்மா விஷயம். பெருமூச்சுப் பாலம்னு ஒண்ணு இருக்கு. சூரியன் மறையுற நேரத்துல, மணியோசை கேக்குறப்ப, கோண்டோலாவுல அதுக்கடியில போகும்போது முத்தம் கொடுத்துக்கிட்ட ஜோடி பிரியவே பிரியாதாம். ஜூன்ல அங்கே சூரியன் மறைய ராத்திரி ஒன்பது ஆகுது. கோண்டோலா கட்டணமோ பகல்ல அரை மணிக்கு 90 யூரோ, ஏழு மணிக்கு மேல 110. "நாமதான் 25 வருஷமா பிரியலையே, அதுக்கு எதுக்கு இன்னொரு இருபது யூரோ?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான், பதில் சொல்ல முடியலை. மத்தியானம் மூணு மணி வெயில்ல போய் நின்னோம்.

அதோட விட்டாரா? ஒரு படகுல அஞ்சு பேர் வரைக்கும் ஏறலாம், காசு படகுக்குத்தான்னு எழுதியிருந்துச்சு. கொஞ்சம் தள்ளி ஒரு கொரியாக்கார அம்மா, ரெண்டு பொண்ணுங்களோட அதே பலகையைப் பார்த்துத் தயங்கிக்கிட்டு நின்னாங்க. நான் தொப்பியைச் சரி பண்றதுக்குள்ளே இவர் விரல்லயே வகுத்தல் கணக்குப் போட்டுக் காமிச்சு, தலைக்கு 18 யூரோன்னு முடிச்சுட்டார். கல்யாண நாள் படகுல அஞ்சு பேர்!

அந்தப் படகைப் பத்தி அவர் சொன்னதையும் எழுதிடறேன், இல்லேன்னா கோவிச்சுக்குவார். கிட்டத்தட்ட 11 மீட்டர் நீளம், எட்டு வகை மரம், 280 துண்டு. ஓட்டுறவர் பின்னாடி நின்னு வலப்பக்கம் மட்டும்தான் துடுப்பு போடுறார். ரெண்டு பக்கமும் சமமா இருந்தா படகு ஒரே பக்கமா திரும்பிடும்னு, இடப்பக்கத்தை 24 செ.மீ. கூடுதல் அகலமா வெச்சுக் கோணலாவே கட்டுறாங்க. எல்லாப் படகும் கறுப்பு. அந்தக் காலப் பணக்காரங்க போட்டி போட்டு அலங்காரம் பண்ணினதைத் தடுக்கச் சட்டம் போட்டாங்களாம். ஊர் பூராவுக்கும் சிக்கனச் சட்டம்னு கேட்டதும் இவருக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

யார் எங்கே உட்காரணும்னு நாம முடிவு பண்ண முடியாதுக்கா. படகுக்காரர்தான் ஆளோட கனம் பார்த்து உட்கார வைக்கிறார். என்னையும் பொண்ணுங்களையும் ஒரு பார்வை பார்த்தார், ஓரமா இருந்த குட்டி ஆசனங்களைக் காட்டினார். ஜோடிகளுக்குன்னே போட்டிருக்கிற வெல்வெட் இருக்கையில இவரையும் அந்த அம்மாவையும் உட்கார வெச்சுட்டார். படகு ஒரு ஆட்டம் ஆடினதும் அந்த அம்மா பயந்துபோய் இவர் கையைப் பிடிச்சவங்கதான், கரை சேர்ற வரைக்கும் விடலை. இவர் முகத்துல ஈயாடலை. நான்தான் எதிர்ல உட்கார்ந்து படம் எடுத்தேன். நான் எங்கே போனேன்னு கேட்டியே, அதுக்குப் பதில் இதுதான்.

பாலம் வர்ற நேரத்துல எங்களுக்கு என்ன விசேஷம்னு ஒரு பொண்ணு கேட்டா. சொன்னேன். அவ அம்மாகிட்ட சொன்னா. அந்த அம்மா "ஐயையோ"ங்கிறதைக் கொரிய மொழியில சொல்லி, எனக்கு இடம் கொடுக்கச் சட்டுனு எழுந்துட்டாங்க. படகு சாய, படகுக்காரர் இத்தாலியன்ல கத்த, நாங்க அஞ்சு பேரும் அஞ்சு திக்குல கையை ஊன்ற, பெருமூச்சுப் பாலம் தலைக்கு மேல போயே போயிடுச்சு. நான் பார்த்தது அதோட முதுகைத்தான்.

பார்த்தும் பெரிசா ஒண்ணுமில்லை. 1600 வாக்குல கட்டினதாம். பாலத்தை ஒட்டி இருக்கிற அரண்மனையில விசாரணை முடிஞ்ச கைதிகளை அது வழியாத்தான் எதிர்ல இருக்கிற ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. கல் ஜன்னல் வழியா கடைசியா ஒருதரம் வெளியே பார்த்து அவங்க விட்ட பெருமூச்சுதான் பேராச்சுன்னு சொல்றாங்க. முத்தக் கதையெல்லாம் 1979-ல வந்த ஒரு அமெரிக்கப் படத்துக்கப்புறம் பரவினதாம். நமக்கு ஜெமினி கணேசன் மாதிரி அவங்களுக்கு நிஜக் காதல் மன்னன் ஒருத்தர், காசனோவா. அவரையும் அந்த அரண்மனையிலேயே ஈயக் கூரைக்குக் கீழே ஒரு அறையில அடைச்சிருந்தாங்க. 1756-ல கூரையைப் பேர்த்துக்கிட்டுத் தப்பிச்சுட்டார். கல்யாண நாளுக்கு ஜனங்க இந்த இடத்தை ஏன் தேடி வர்றாங்கன்னு இப்பப் புரியுதுன்னார் இவர். நான் கேக்காத மாதிரி இருந்துட்டேன்.

சாயங்காலம் சான் மார்க்கோ சதுக்கத்துல வாத்தியக் கச்சேரி. 1720-லேருந்து நடக்குற ஃப்ளோரியன் காபிக் கடையில உட்கார்ந்து கேட்டா பாட்டுக்குத் தனிக் காசு. நாங்க தள்ளி நின்னு முழுசாக் கேட்டோம்.

ரூமுக்கு வந்து குக்கரை எடுத்ததும் அவர் பார்த்த பார்வை இருக்கே, 25 வருஷத்துல என்னை அப்படிப் பார்த்ததில்லைக்கா. ஜன்னலுக்குக் கீழே சின்ன வாய்க்கால். நாங்க புளிசாதம் சாப்பிடறப்ப யாரோ காசு கொடுத்து வெச்ச பாட்டுக்காரரோட ஒரு கோண்டோலா போச்சு. "ஓ சோலே மியோ" பாடினார். அது நேப்பிள்ஸ் ஊர்ப் பாட்டாம், வெனிஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம். நமக்கென்ன, ஓசிப் பாட்டு. இவர் இன்னொரு கரண்டி சாதம் கேட்டார்.

மறுநாள் முரானோ தீவுக்குப் போனோம். ஊர்ல தீப்பிடிக்கும்னு பயந்து 1291-லேயே கண்ணாடிச் சூளை எல்லாத்தையும் அங்கே மாத்திட்டாங்களாம். உனக்கு ஒரு நீலப் பாசிமாலை வாங்கியிருக்கேன், அடுத்த மாசம் ஊருக்கு வர்ற பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட கொடுத்தனுப்பறேன். விலைச் சீட்டு டப்பாவுக்குள்ளேயே இருக்கும். மாமா கண்ணுல படறதுக்கு முன்னாடி கிழிச்சுப் போட்டுடு. அவர் பார்த்தா இவர்கிட்ட கேப்பார். இவருக்கு நான் பாதி விலைதான் சொல்லியிருக்கேன்.

அன்புடன்,
உன் தங்கை