மொக்கை கேமால் மெஷின் கெடுமா?

தான் ஆசையாக வாங்கிய மெஷினுக்கு நாலு சொத்தை கேம் வந்துவிட்டால், மெஷினின் மானமே போய்விட்டதாகப் பதறுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். மானத்தைப் பற்றி இவ்வாய்வுக்கு அக்கறை இல்லை. மெஷினுக்கும் அதை ஆடுகிறவர் உடம்புக்கும் மெய்யாகவே சேதம் உண்டா என்பதே எடுத்துக்கொண்ட பொருள்.

மொக்கை எது என்று முதலில் வரையறுக்க வேண்டும். விமர்சகர் மதிப்பெண்ணைக் கொள்வதற்கில்லை. அவர்களுக்குப் பெரும்பாலும் கேம் இலவசமாக வருகிறது. எனவே வீட்டிலேயே கிடைக்கும் அளவுகோலைக் கைக்கொள்கிறோம். ஆடிக்கொண்டிருப்பவரை அம்மா சாப்பிடக் கூப்பிட வேண்டும். முதல் குரலுக்கே எழுந்து வந்தால் அது மொக்கை கேம். மூன்றாம் குரலுக்கு "இதோ வந்துட்டேம்மா" என்ற பதிலும், ஐந்தாம் குரலுக்கு அம்மாவே வந்து பிளக்கைப் பிடுங்குவதும் நிகழ்ந்தால் நல்ல கேம். பிரியாணி செய்யும் நாளில் முடிவுகள் பிறழும் ஆதலால் சோதனையை ரசம் வைக்கும் நாளில் நடத்துவதே முறை.

இனி மெஷின். 1977-ல் வந்த அடாரி 2600-இன் தற்காலிக நினைவகம் மொத்தமே 128 பைட். இதற்கு முந்தைய வாக்கியத்தைக்கூட அதில் அடக்க முடியாது. அந்த மெஷினுக்குத்தான் 1982 கிறிஸ்துமஸ் விற்பனைக்காக, ஸ்பீல்பெர்க் படத்தின் பெயரில் 'ஈ.டி.' வந்தது. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா ஏறக்குறைய ஐந்தே வாரத்தில் எழுதி முடித்த கேம். ஈ.டி. நடப்பான், குழியில் விழுவான். கழுத்தை நீட்டிக்கொண்டு மெல்ல மிதந்து மேலே வருவான். விளிம்பில் கால் வைத்த மறுகணம் அதே குழியில் திரும்ப விழுவான். போனின் மூன்று துண்டுகளை இப்படி விழுந்து விழுந்து பொறுக்கினால் சொந்த கிரகத்துக்குப் பேசலாம்.

இத்தனை விழுந்தும் மெஷினுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. கேசட்டில் இருப்பது படிக்க மட்டுமே முடிகிற சிப். மெஷினில் அது எதையும் எழுதி வைப்பதில்லை. ஈ.டி.யை உருவிவிட்டு அதே ஆண்டு வந்த 'பிட்ஃபா'லைச் செருகினால் மெஷின் எந்த மனத்தாங்கலும் இல்லாமல் ஓட்டும். அதிலும் குழிதான், ஆனால் தாண்டலாம்.

சேதம் வந்தது வேறு திக்கிலிருந்து. 1990-களின் கடைசியில் நின்டெண்டோ 64-க்கு 'மரியோ பார்ட்டி' வந்தது. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சிரித்துச் சண்டை போட ஏற்ற கேம்; மேற்சொன்ன சோதனையில் ஐந்தாம் குரல் வரை தாங்கும். அதன் சில போட்டிகளில் கன்ட்ரோலரின் நடு ஸ்டிக்கை முடிந்த வேகத்தில் சுழற்ற வேண்டும். கட்டைவிரல் போதாமல் பிள்ளைகள் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார்கள். ஸ்டிக்கின் அடிப்பகுதி அரைபட்டு வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. பிறகு அந்த ஸ்டிக் கிழவர் பல்லாக ஆடியது. நம் ஊர் டிவி கேம் கேசட்டுகளின் கதையும் இதுவே. படம் வராவிட்டால் உருவி எடுத்து, 'ஃபூ' என்று ஊதி, திரும்பச் செருகுவோம். மூச்சின் ஈரம் தகட்டை அரிக்கும், ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே சொன்னது. மொக்கை கேசட் வரவில்லை என்றால் யார் மெனக்கெட்டு ஊதப்போகிறார்கள்? ஊதி ஊதி அரித்துப்போனதெல்லாம் நல்ல கேசட்டுகளே.

உடம்புச் சேதத்துக்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஏட்டின் கடிதப் பகுதியில் 1981-ல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' மணிக்கட்டு என்றொரு நோய் அறிவிக்கப்பட்டது. 1990-ல் நின்டெண்டோவை ஐந்து மணி நேரம் ஓயாமல் ஆடிய ஒரு பெண்மணியின் கட்டைவிரல் வலி. 2007-ல் வீ மெஷினில் டென்னிஸ் ஆடித் தோள் பிடித்துக்கொண்ட இளம் டாக்டர். ஒரு வாரம் ஐபுப்ரோஃபென், வீயிடமிருந்து முழு விலக்கு என்பது சிகிச்சை. மரியோ பார்ட்டியால் உள்ளங்கை கொப்பளித்துப்போன புகார்கள் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் வரை சென்று, 2000-ல் நின்டெண்டோ கையுறை வழங்க ஒப்புக்கொண்டது. ஈ.டி. மணிக்கட்டு என்று ஒரு நோய் இவ்வாய்வாளர் கண்ணில் படவில்லை. அதை ஐந்து மணி நேரம் ஆடினால்தானே நோய் வரும்.

எதிர்வாதி இங்கே 1983-ஐ எடுத்து வீசுவார். மொக்கை கேம்களால் அமெரிக்க வீடியோ கேம் வியாபாரமே சாய்ந்ததே, 320 கோடி டாலர் சந்தை 1985-க்குள் 10 கோடிக்கு இறங்கியதே என்பார். இறங்கியது உண்மை. யார் வேண்டுமானாலும் கேசட் போடலாம் என்றிருந்த காலம் அது. ஓட்ஸ் விற்கும் குவேக்கர் கம்பெனி கேம் பிரிவு வைத்திருந்தது. ப்யூரினாவின் நாய்த் தீனியை வாங்கி அத்தாட்சியைத் தபாலில் அனுப்பினால் நாய் கேம் ஒன்று வரும். அடாரியோ 'பேக்-மேன்' கேசட்டை மட்டும் 1.2 கோடி அடித்துக் குவித்தது. சிறு கம்பெனிகள் திவாலானதும் கடைக்காரரால் சரக்கைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. திருப்பி வாங்க ஆளில்லை. வாசலில் கூடை வைத்து ஐந்து டாலருக்குத் தள்ளினார். கூடையில் ஐந்துக்குக் கிடைக்கும்போது உள்ளே முப்பத்தைந்து கொடுத்து நல்ல கேமை எந்த அப்பா வாங்கித் தருவார்? மெஷின் கெடவில்லை, அதை விற்றவர் கெட்டார். 1983 செப்டம்பரில் அடாரி நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் லாரி லாரியாகச் சரக்கைப் புதைத்தது. 2014-ல் தோண்டியபோது ஈ.டி.யோடு 'சென்டிபீட்', 'மிசைல் கமாண்ட்' போன்ற அருமையான கேம்களும் நசுங்கிக் கிடந்தன. புதைத்தவர்களுக்கு அந்த வேற்றுமை தெரியவில்லை.

எண்ணிக்கையும் எதிர்வாதிக்குக் கைகொடுக்காது. பிளேஸ்டேஷன் 2-வும் வீயும் குப்பை கேம் குவிந்த மெஷின்கள். முன்னது 15 கோடிக்கு மேலும், பின்னது 10 கோடிக்கு மேலும் விற்றன. நல்ல கேம்களுக்குப் பேர்போன செகா ட்ரீம்காஸ்ட் ஒரு கோடியைத் தொடாமலே 2001-ல் நின்றுபோனது, செகா மெஷின் செய்வதையே விட்டது. குப்பை போட்டால் மெஷின் விற்கும் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. கூட்டம் சேருகிற இடத்தில் குப்பையும் சேருகிறது, அவ்வளவுதான்.

கடைசியாக, மொக்கை கேமால் ஆடுபவருக்கு நன்மை உண்டா என்ற உபகேள்வி. பென், டெல்லர் என்ற மேஜிக் இரட்டையர் 1995-ல் செகா சிடிக்காகச் செய்து, கடைக்கு வராமலே போன தொகுப்பில் 'டெசர்ட் பஸ்' என்றொரு கேம் உண்டு. டூசானிலிருந்து லாஸ் வேகஸ் வரை காலி பஸ்ஸை எட்டு மணி நேரம் நிஜமாகவே ஓட்ட வேண்டும். வளைவு இல்லை, எதிரே வண்டி இல்லை. பட்டனை டேப் ஒட்டி அழுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றால், பஸ் சற்றே வலப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஊர் சேர்ந்தால் ஒரு பாயின்ட். இதை 2007 முதல் கனடாவில் ஒரு நகைச்சுவைக் குழு ஆண்டுதோறும் நாள் கணக்கில் விழித்திருந்து ஓட்டி நன்கொடை திரட்டுகிறது. லட்சக்கணக்கான டாலர் சேர்ந்து, ஆஸ்பத்திரிகளில் கிடக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான்களாகப் போகிறது. அவற்றில் நல்ல கேம்களும் உண்டு. ஓட்டுகிறவர் கண்ணயர்ந்து பஸ் மணலில் இறங்கிவிட்டால் இழுவை வண்டி வந்து டூசானுக்கே திரும்ப இழுத்துப்போகும், அதுவும் நிஜ நேரத்தில்.